அக்கா மனதுக்குள் பின்னிய சரங்கள்

அக்காவின் வலது கை தொங்கிப்போனது வெடி விபத்தில் அல்ல. பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஒரு மாசி மாதக் காலையில் தாயில்பட்டிப் பக்கம் கவிழ்ந்தது. அவள் தோள் தரையில் மோத விழுந்தாள். தீக்காயம் இல்லை, ரத்தம்கூட இல்லை. கம்பெனி விபத்து என்றால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது எதுவும் இல்லாததால் யாரும் பயப்படவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. சதை பிசகியிருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள்.

நான் அப்போது பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். எலியின் மண்டையோட்டில் சிறு வட்டம் எடுத்துக் கண்ணாடி பதித்து, அது விழித்திருக்கும்போதே மூளைக்குள் லேசர் நுண்ணோக்கியால் பார்ப்போம். மணிச் சத்தம் கேட்டதும் எலி ஒரு நொடி காத்திருந்து, பிறகு முன்னங்காலால் ஒரு விசையை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில், கால் அசையும் முன்பே, சாயம் ஏற்றிய செல்கள் அங்கங்கே மின்னும். முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், விடுதிச் சமையல்காரரிடம்கூட. அக்காவிடம் போனில் சொன்னேன்.

"எலி மண்டையில சன்னல் வச்சிருக்கியா? அடப்பாவி, அதுக்கு வலிக்காதாலே?"

"மயக்கம் கொடுத்துத்தான் வைப்போம். நீ அதை விடு. கை அசையிறதுக்கு முன்னாடியே மூளையில திட்டம் ஓடிருதுக்கா. உனக்கு மூளையில அடியே படல. அங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெனமும் கையை அசைக்கிற மாதிரி நெனச்சுப் பாரு, வழி தெறந்துக்கிரும்."

அந்தக் கடைசி வார்த்தையை எந்த எலியும் எனக்குக் காட்டியிருக்கவில்லை. பேச்சு வேகத்தில் வந்தது.

அக்காவுக்குக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலை. அதையே மனதுக்குள் செய்ய ஆரம்பித்தாள். "இன்னைக்கு ரெண்டு சரம் முடிச்சாச்சு. ஒரு திரிகூட நழுவல" என்பாள் போனில். "கை என்ன சொல்லுது?" என்றால், "அது சீமாட்டி, உக்காந்து வேடிக்கை பாக்குது" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன். ஒருமுறைகூட, ஊசியால் குத்தினால் வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று அம்மா இரண்டு தடவை சொன்னாளாம். மச்சான், "சீசன் முடியட்டும் அத்தை. தீபாவளிக்குத் தம்பி வருதுல்ல. அது படிக்கிறதே கை அசையிறதைப் பத்தித்தான. அது பாத்துச் சொல்லட்டும்" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு வந்தேன். அக்கா சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு, கீழே சதையே இல்லை. கிள்ளினேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கிள்ளியது தெரியாமல்.

மதுரை டாக்டர் கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அது விழுந்தது.

"எத்தனை மாசமாச்சு?"

"எட்டு மாசம் சார்" என்றேன்.

"கழுத்துல இருந்து கைக்கு வர்ற நரம்பு அறுந்திருக்கு. ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா வேற நரம்பு வச்சுத் தைச்சுப் பார்த்திருக்கலாம். இப்ப தசையே போயிடுச்சு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

அம்மா முந்திக்கொண்டாள். "எம்மவன் இதைத்தான் சார் படிக்கான். அவன் வரட்டும்னு இருந்தோம்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்து, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திருமங்கலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு போச்சுன்னு சொன்னது நரம்பைத்தான?"

"ஆமா."

"அப்ப மூளையில திட்டம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்?"

"இருக்கும்க்கா."

"கை வராதுன்னு அதுவா தெரிஞ்சுக்கிருமா? இல்ல, நாந்தான் சொல்லணுமா?"

எலியைக் கொண்டு இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று என் புத்தி உடனே ஓடியது. அதை நினைத்து எனக்கே கூசியது. "தெரியலக்கா" என்றேன்.

"ஒனக்கே தெரியலையா" என்றாள். கேலியாக இல்லை.

விருதுநகரில் பஸ் மாற இறங்கினோம். படியில் பிடித்துக்கொள்ள அவளுடைய வலது தோள் எழுந்தது. கை வரவில்லை. ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு இடது கையால் கம்பியைத் தேடினாள். பின்னால் நின்ற நான் அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவளாகவே இறங்கியிருந்தாள்.