ஆக்னேசம்மாளின் முகம்

செங்கல்பட்டைச் சுற்றி எந்தக் கோயில் கோபுரத்தில் பொம்மை உடைந்தாலும் சுதை வேலை அப்பாசாமியைத்தான் கூப்பிடுவார்கள். கைவேலை அப்படி. பிடிவாதமும் அப்படித்தான். பெண்டாட்டி செத்துப்போன அக்கா மகனுக்கு மகள் கண்ணகியைக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றிவிட்டார். பேச்செடுத்த நாளிலிருந்தே வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்தாள். பசித்தால் தானே தின்கிறாள் என்று இவர் பூச்சுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது ஐம்பத்திநாலாம் வருஷம். ஊரில் கிறிஸ்தவர்களின் பெரிய கோயிலுக்கு ஊசிக் கோபுரம் எழும்பியிருந்தது. அதன் உச்சியில் நிற்க வேதசாட்சி ஆக்னேசம்மாளின் சுரூபம், அதாவது சிலை, வேண்டும் என்று உபதேசியார் ஏசுபாதம் ஒரு படத்தைக் கொடுத்தார். ஆட்டுக்குட்டி ஏந்திய சின்னப் பெண்.

சாரம் கட்டி மேலேயே வேலை நடந்தது. அங்கி மடிப்பும் ஆடும் அப்பாசாமிக்குத் தண்ணீர் பட்ட பாடு. முகம்தான் படுத்தியது. எப்படிப் பிடித்தாலும் அம்மன் முகமாகவே வந்து நின்றது. இவள் யார், என்ன செய்தாள் என்று உபதேசியாரிடம் கேட்டார். பதின்மூன்று வயதுப் பெண், பெரிய இடத்துப் பையனைக் கட்டமாட்டேன் என்றாள், என் ஆண்டவருக்கே நான் என்றாள், வெட்டிவிட்டார்கள், அதனால்தான் வேதசாட்சி என்றார் அவர்.

மாட்டேன் என்று சொன்ன முகம் ஒன்று அப்பாசாமிக்குத் தெரியும். சோற்றுத் தட்டின் முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம். அதை வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது. மனசுதான் சங்கடப்பட்டது.

சிலைக்குக் கண் திறக்கும்போது அதன் முதல் பார்வை படும்படி எதிரே பசுவாவது கன்னிப்பெண்ணாவது நிற்கவேண்டும் என்பது அவர் பழகிய முறை. கோபுர உச்சிக்குப் பசுவை எங்கே ஏற்றுவது? கண்ணகியைச் சாரத்தில் ஏறி வரச் சொன்னார். மாதா கோயிலில் அந்தச் சடங்கெல்லாம் கிடையாது என்று உபதேசியார் கீழேயிருந்து கத்தினார். இவர் பாட்டுக்குக் கருமணி வைத்துவிட்டு விலகினார்.

அது யார் முகம் என்று கண்ணகிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அப்பாசாமி கதையைச் சொன்னார்.

"அதுக்கு நைனா யாரும் இல்லியா?" என்றாள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாரத்தைப் பிடித்து இறங்கினார். கை கழுவியும் கழுவாமலும் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறி அக்கா வீட்டில் போய் நின்றார். கல்யாணம் வேண்டாம் என்றார். அக்கா தெருவே கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்றாள் கடைசியில்.

"பொண்ணு முன்னாடியே சொல்லிச்சுக்கா. நான்தான் கேக்கல."