தங்காக் பயணமும் நான் அடைத்து வைத்த இரண்டு விரல் இடைவெளியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகன் சேகருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் பெக்கோக்கிலிருந்து தங்காக் வரை போய் வந்தேன். பழைய இரண்டு இருக்கைக் கார் வைத்திருப்பவர்கள் குனோங் லேடாங் மலை தெரியும் ஒரு திடலில் காலை பத்து மணிக்குக் கூடுவதாக ஏற்பாடு. இப்படிப்பட்ட தாழ்வான காரில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இந்த ஒரு பத்திக்கே அரை மணி நேரம் ஆயிற்று. எழுதுவதில் அவ்வளவு சந்தோஷம். எழுத வேண்டிய விஷயம்தான் சந்தோஷமானதல்ல.

சனிக்கிழமை மாலை நான்தான் காரைக் கழுவினேன். புகைக்குழாய் வெளியே வரும் இடத்தில் பின் பம்பரின் கீழ் விளிம்பு சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. குழாயைச் சுற்றி மற்ற பக்கமெல்லாம் இரண்டு விரல் இடைவெளி. எஸ்டேட்டில் ரப்பர் தகடுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே பலகையில் சந்து இருந்தால் சூடு அதன் வழியாகக் கசிந்து பலகையைக் கருக்கிவிடும். உடனே அடைக்க வேண்டும். அதே கணக்கில், சூடு கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றி வைக்கும் வெள்ளைக் கயிறு மூன்று மீட்டர் வாங்கி வந்தேன். பன்னிரண்டு ரிங்கிட். இடைவெளி முழுவதும் திணித்து, மேலே கறுப்புச் சாயம் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. தங்காக் போய்ச் சேர்ந்த பிறகு மருமகனிடம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

காலை 6.10க்குப் புறப்பட்டோம். சாஆ என்ற ஊர் வழியாக யோங் பெங் 41 கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் பள்ளம் பறித்த சாலை, காரோ தரையோடு தரையாகப் போகிறது, அதனால் நிதானம். வழியில் வந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் நான் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

"மாமா, ஜிபிஎஸ் தேவையில்ல லா, நீங்களே போதும்," என்றார் சேகர்.

6.55க்கு யோங் பெங் டவுனில் ஒரு கடையில் நிறுத்தினோம். மூன்று ரொட்டி சானாய், இரண்டு தே தாரேக், 9 ரிங்கிட் 60. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் பிளாஸ்டிக் கருகும் வாடை. பம்பர் விளிம்பில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"அலமாக்," என்று குனிந்தார் சேகர். "அந்தோணி வேலதான் இது. பைப்ப பம்பரோட ஒட்டி வச்சிருக்கான்."

அந்தோணி இரண்டு வாரத்துக்கு முன் புதுக் குழாய் மாட்டிய மெக்கானிக். பட்டறை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். சேகர் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்.

"பாஸ், இன்னிக்கு ஞாயித்துக்கெழம. சர்ச்ல எட்டு மணி பூசையில என் மக பைபிள் வாசகம் வாசிக்கிறா, மொத தடவ. பத்து மணிக்கு வரட்டுமா?"

"பத்து மணிக்கு நான் தங்காக்ல நிக்கணும். நீ செஞ்ச வேல, நீதான் வந்து பாக்கணும்."

எனக்கு எல்லாம் கேட்டது. எழுதப் படிக்கக் கற்ற வகுப்பில் முதல்முறை நான் எழுந்து நின்று வாசித்தபோது சேகர் முன் வரிசையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் குரலே வந்தது. அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. மருமகன் முன்னால் முட்டாளாக நிற்கப் பயம். அங்கேயே ஒரு குச்சியால் கயிற்றை இழுத்துப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கயிற்றோடேயே பட்டறைக்கு ஓட்டிப் போனோம். அந்த மூன்று கிலோமீட்டரில் விளிம்பு உருகிக் குழாயின் மேல் ஒட்டிக்கொண்டது.

அந்தோணி 7.35க்கு வந்தார். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்து வேலை பார்த்தார். "அரை மணி நேரம்தான், ஓடிப் போயிருவேன்," என்றார். ஒட்டிய பம்பரைக் கழற்றவே 8.25 ஆகிவிட்டது. உள்ளே கருகிப் போன கயிறு தொங்கியது.

"இது யாரு வச்சது?"

"நீதான் வச்சிருப்ப," என்றார் சேகர்.

"நான்தான் வச்சேன் மாப்பிள்ள," என்றேன். "நேத்து."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். அந்தோணி கயிற்றைக் கீழே போட்டார்.

"அங்கிள், கொட்டாயில சூடு உள்ள நிக்கணும். காருல சூடு வெளிய ஓடணும் லா. அந்த சந்துதான் அது மூச்சு விடற எடம்."

அப்போது அவர் மனைவி சர்ச்சிலிருந்து அழைத்தார். அந்தோணி, "வாசிச்சு முடிச்சிட்டாளா, சரி," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

9.10க்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் தங்காக் 78 கிலோமீட்டர். வழியில் நான் எந்தப் பலகையையும் வாசிக்கவில்லை. சேகர் ஒரே ஒரு தடவை, "கடையிலயே சொல்லியிருக்கலாம் மாமா," என்றார். 10.20க்குத் திடலில் சேர்ந்து, பின்பக்கத்தை வேலியோரம் மறைத்து நிறுத்தினோம். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

போக நினைப்பவர்களுக்கு அந்தோணி சொன்னதையே எழுதுகிறேன். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். குழாயின் வாய் பம்பரைத் தாண்டி ஒரு விரலாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் சூடு திரும்பி வந்து சாயத்தைத் தின்னும். கீழ் விளிம்பு பழுப்பேறினால், குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் தளர்ந்து குழாய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் காரில் அதுதான் கோளாறு. வளையம் மாற்ற 15 ரிங்கிட், பம்பரின் உட்புறம் காற்று ஓட இடம் விட்டு மெல்லிய இரும்புத் தகடு மாட்ட 60. கருகும் வாடை வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். காரில் நீங்கள் எதையாவது செய்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் யோங் பெங் போய் அந்தோணியைப் பார்த்தேன். மகள் எப்படி வாசித்தாள் என்று கேட்டேன்.

"ஒரு எடத்துலயும் தடுமாறலயாம் அங்கிள்," என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் சர்ச் வாசல் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாளாம்," என்றார்.