ரோஸ் ஷர்பத் ஞாயிறு

வாகட் பகுதியில் ஏழாவது மாடியில் இருக்கிற என் வீட்டுச் சமையலறையில், மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. உடல் வெள்ளை, கழுத்து பழுப்பு. அதன் வாயைக் கட்டுகிற வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் ஒரு சிலுவை தைத்திருக்கிறது. தையல் நேராக இல்லை. ஒரு கை ஏறியும் ஒரு கை இறங்கியும் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஊறுகாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். போன வாரம் வரைக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

போன வாரம் எங்கள் சபைச் செயலர் போன் செய்தார். இதே மராத்தி நகரத்தில், போபோடியில் நான் வளர்ந்த சந்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற தமிழ்ச் சபை அது. ஆண்டுவிழாவுக்கு மலர் போடுகிறார்களாம். திருவிருந்துக்கு எத்தனையோ வருடம் திராட்சரசம் செய்து கொடுத்த என் அம்மாவைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. சந்தோஷமாகச் சரி என்றேன். போனை வைக்கப்போனவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி பேசினார். "அந்த விஷயம் மட்டும் வேண்டாம், சிஸ்டர். மலரு வெளியூருக்கெல்லாம் போகும். அம்மா பேரு நல்லா இருக்கட்டும்."

அந்த விஷயம் என்றால், என் அம்மா குடித்தது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கம் இல்லை, இரண்டு வரிகூட எனக்கு எழுத வராது. அம்மாவின் பெயர் நன்றாக இருப்பதே அந்த விஷயத்தால்தான். எனவே செயலர் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, மராத்திச் சபையின் கட்டடம்தான். காலை எட்டு மணிக்கு மராத்தி ஆராதனை, அவர்கள் எழுந்து போனதும் பத்தரைக்குத் தமிழ். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து: முதலில் அப்பம், பிறகு ரசம். வெள்ளிப் பாத்திரம் ஒன்றே ஒன்று. வரிசையாக முழங்கால் போட்டவர்களின் உதட்டுக்கு ஐயர் அதைக் கொண்டுபோவார். ஒவ்வொருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைப்பார். (நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அந்தப் பாத்திரத்துக்கான ரசம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், இந்த ஜாடியில், கறுப்புத் திராட்சையும் சீனியும் ஒரு பிடி கோதுமையும் சேர்ந்து நுரைத்துக்கொண்டிருக்கும். அம்மா வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். கைச் சுத்தமும் வாய்ச் சுத்தமும் உள்ளவள் என்று சபை அவளிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தது.

புளிப்பு ஏறிவிட்டதா, இனிப்பு நிற்கிறதா என்று தினமும் ஒரு கரண்டி ருசி பார்க்க வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு கரண்டி ஒரு தம்ளர் ஆனது. ஜாடி போதாமல் போனபோது, வெட்டிய சீருடைத் துணிகளுக்கு நடுவே கால் பாட்டில்கள் வந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குடிகாரன் வீட்டு அலமாரியைச் சோதிப்பார்கள். ஆண்டவருடைய மேசைக்குப் போகிற ஜாடியை யார் திறந்து அளந்து பார்ப்பார்கள்? அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வாய் திறந்து கேட்கத் தைரியமில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் என்னைத்தான் அனுப்புவார். "அந்தத் தம்ளர மோந்து பாத்துட்டு வா." எனக்கு அப்போது பதினொரு வயது. மோந்துவிட்டு வந்து தலையை ஆட்டுவேன். அம்மாவுக்கு எதிராக ஒற்று வேலை பார்க்கிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கூச்சம் இன்றைக்கும் போகவில்லை.

ஏன் குடித்தாள் என்று என்னைக் கேட்காத பெண் எங்கள் சபையில் இல்லை. புருஷன் அடித்தானா, பிள்ளை செத்துப் பிறந்ததா, யாராவது ஏமாற்றினார்களா? எங்கள் சந்தில் சம்பள நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்த ஆண்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆம்பளை என்றால் குடிப்பான், அவ்வளவுதான். என் அம்மாவும் அப்படித்தான் குடித்தாள். முதலில் பிடித்திருந்தது, பிறகு விட முடியவில்லை. இதற்குமேல் ஒரு சோகக் கதை வேண்டுமென்று எதிர்பார்ப்பவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அந்த ஞாயிறு வந்தது. ஐயர் பாத்திரத்தை உயர்த்தி ஜெபித்தார். முறைப்படி முதலில் தானே ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். விழுங்குவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. ஜாடியில் ஒரு சொட்டு மிஞ்சாமல் குடித்து முடித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல், அம்மா சபைக்கு ரசம் கொண்டுபோகிற பாட்டிலில் ரோஸ் ஷர்பத்தைக் கரைத்து நிரப்பியிருந்தாள். ஐயர் என்ன செய்வார் பாவம்? வரிசை முழங்காலில் காத்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் கொடுக்க ஆரம்பித்தார். பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பெரியவர் எழுந்து போகும்போது சப்புக்கொட்டினார். கடைசி வரிசையில் அம்மாவும் போய் முழங்கால் போட்டாள். ஐயர் அவள் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிகமாக நின்றார். அம்மா கண்ணை மூடாமல் அவரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

அன்று சாயங்காலமே ஜாடி வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். அம்மாவின் உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றி, இந்த நிமிடத்தோடு விடுதலை என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா அழுதார். நான்காம் நாள் தம்ளரில் வாடை இருந்தது. விசுவாசம் போதவில்லை என்று சபை சொன்னது. எண்ணெயின்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துப் போனவர்மேல் கோபம் உண்டு. நான்காம் நாள் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

கடைசியில் அப்பா அவளைப் போதை மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு மாதம் அங்கே இருந்தாள். திரும்பி வந்தபின் வாரம் இரண்டு நாள் பிம்ப்ரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் குடியை விட முயல்கிறவர்களின் கூட்டம். துணைக்கு நானும் பஸ்ஸில் போவேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். பேச்சு இந்தியும் மராத்தியும். அம்மா தன் உடைந்த இந்தியில், தலையை நிமிர்த்தி, பெயரைச் சொல்லிவிட்டுத் தான் குடிக்கிறவள் என்றும் சொல்வாள். இன்றைய ஒரு நாளை மட்டும் தாண்டினால் போதும் என்று அங்கே கற்றுக்கொண்டாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெபமாக ஆக்கிக்கொண்டாள். காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்ததும், சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்வாள்: "ஏசப்பா, நேத்துப் பிடிச்ச கைய விட்டுராதேயும். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் போதும். நாளைக்குக் காலையில நானே வந்து மறுபடி கேக்கேன்."

மருந்தா, கூட்டமா, ஜெபமா, எது அவளைக் காப்பாற்றியது என்று படித்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மூன்றும்தான். ஆனால் மருந்து மூன்று மாதத்தில் முடிந்துபோனது. கூட்டம் வாரத்தில் இரண்டு நாள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, கை நடுங்கி, ஊசி விரலில் ஏறுகிற நேரத்தில் அவளோடு இருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் இந்தத் துணியில் சிலுவை தைத்தாள். வீட்டில் ஜாடியே இல்லையே, எதற்குத் துணி என்று கேட்டேன். "வரும். நீ நூலக் கோத்துக் குடு," என்றாள்.

சபைக் கமிட்டி அவளுக்கு ஆறு மாதம் திருவிருந்து கிடையாது என்று தீர்த்திருந்தது. மற்றவர்கள் அப்படித் தீர்ப்பானால் அந்த ஞாயிறுகளில் சபைக்கே வர மாட்டார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் போய் வரிசையில் முழங்கால் போட்டாள். ஐயர் அவளைத் தாண்டிப் போவார். வரிசை முடிகிற வரை இருந்துவிட்டு வெறும் வாயோடு எழுந்து வருவாள். ஆறு மாதம் முடிந்த ஞாயிறு, அப்பத்தை வாங்கிக்கொண்டாள்; பாத்திரம் வந்தபோது உள்ளங்கையால் அதன் வாயை மெதுவாக மூடினாள். இப்போது சபைக்கு வேறு சந்தேகம். இன்னும் ஏதோ பாவத்தை மறைக்கிறாள், அதனால்தான் குடிக்கப் பயப்படுகிறாள் என்றார்கள். விடுதலை ஆனவளுக்கு ஒரு வாய் என்ன செய்யும் என்று கேட்டார்கள். ஒரு வாய் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது.

கமிட்டி கூப்பிட்டது. ஆராதனை முடிந்த பிறகு, அங்கிகள் மாட்டியிருக்கிற சின்ன அறையில், ஏழெட்டு ஆண்களும் ஐயரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "இதுக்குப் போயி எதுக்கு வம்பு? ஒரு சின்ன தம்ளர்ல தனியா ஜூஸ் ஊத்தி அக்காவுக்குக் குடுத்துரலாம்."

அம்மா உட்காரவில்லை. "தனித் தம்ளரா? எங்க அய்யாவுக்கு ஊருல டீக்கடைக்காரன் தனித் தம்ளரு வச்சிருந்தான். குடிச்சிட்டு அவரே கழுவிக் கவுத்தி வைக்கணும். அது பொறுக்காமத்தான் ரயிலேறி இந்த ஊருக்கு வந்தாரு. இங்க ஆண்டவரு மேசையில வந்து எனக்குத் தனித் தம்ளரா?"

அந்த அறையில் இருந்த பாதிப்பேரின் தகப்பன்மார் அதே ரயிலில், அதே காரணத்துக்காக வந்தவர்கள். அம்மா குரலை உயர்த்தாமல் மேலே சொன்னாள். "ஒரே பாத்திரம். அதுல நானும் குடிக்கக்கூடியது இருக்கட்டும். முடியாதுன்னா சொல்லிருங்க. மாசாமாசம் வந்து முழங்கால் போட்டு வெறும் வாயோட எந்திரிச்சுப் போறேன். நான் சபைய விட்டுப் போகமாட்டேன்."

ஐயர் கேட்டார். "ஜாடி இப்ப யார் வீட்ல இருக்கு?"

அடுத்த சனிக்கிழமை ஜாடி ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. கடக்கி பஜாரில் மனுகா என்று கேட்டால் கொடுக்கிற கறுப்பு உலர்திராட்சையை அம்மா ஊறவைத்து, கொதிக்கவைத்து, துணியில் பிழிந்தாள். நுரைக்க நேரம் கொடுக்காமல், சனிக்கிழமை செய்து ஞாயிறு கொண்டுபோவது. ஆறியதும் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. நீ ருசி பாரு. புளிப்புத் தட்டுனாச் சொல்லு. அந்த வேல இனிமே எனக்கு வேண்டாம்." தம்ளரை மோந்து பார்த்த மகளின் கையில் அவளே கரண்டியைக் கொடுத்தாள். நான் ருசி பார்த்தேன். வெறும் இனிப்பு. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கஷாயம் மாதிரி இருக்கிறது என்று சபையில் ஒரு வருடம் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. சாட்சி சொல்கிற நேரத்தில் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, பாஸ் ஆனது என்று சொல்வார்கள். அம்மா ஒருநாள் எழுந்து, "நான் குடிகாரி. இன்னைக்குக் குடிக்கல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆண்கள் அப்படிச் சொன்னால் அல்லேலூயா வரும். அவளுக்கு வரவில்லை. அவள் அடுத்த மாதமும் எழுந்து அதையே சொன்னாள். அப்பா இறந்த பிறகு ஒரே ஒரு தடவை விழுந்தாள். அதையும் மறுநாள் காலையில் தானே எனக்குச் சொன்னாள், ஐயருக்கும் சொன்னாள், திரும்ப ஒன்றாம் நாளிலிருந்து எண்ணினாள். மலருக்காக இதையும் மறைக்கப்போவதில்லை.

தனித் தம்ளர் யோசனை சொன்னாரே, அவர் சில வருடம் கழித்து ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. "அக்கா, அந்தக் கூட்டம் எங்க நடக்கு?" என்று கேட்டார். அம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நானும் வாரேன்," என்று அவரோடு பஸ் ஏறினாள். அவருக்குப் பிறகு வந்தவர்களின் பெயரையும் நான் எழுத மாட்டேன். மலர் வெளியூருக்கெல்லாம் போகுமே.

கடைசி மாதத்தில் ஐயர் வீட்டுக்கே பாத்திரத்தைக் கொண்டுவந்தார். இவர் புதியவர், பழைய கதை அரைகுறையாகத்தான் தெரியும். அம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. பாத்திரம் உதட்டுக்கு வந்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா?" என்றாள். "பாத்துட்டேம்மா, இனிப்புதான்," என்றேன். அதன்பிறகுதான் குடித்தாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மனுகா கொதித்து ஆறி ஜாடியில் இருக்கிறது. ஒரு கரண்டி ருசி பார்த்தேன், புளிப்பு இல்லை. கோணல் சிலுவைத் துணியால் வாயைக் கட்டிவிட்டேன். நாளைக் காலை சபைப் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போபோடிக்குப் போவேன். இந்தத் தாள்களும் அதே பையில் வரும். செயலர் ஐயா, ஒரு வரி விடாமல் அப்படியே போடுங்கள். குடிகாரி என்ற சொல்லை எடுத்தீர்களானால், அடுத்த முதல் ஞாயிறு பாத்திரத்துக்கு ரோஸ் ஷர்பத் நீங்களே கரைத்துக்கொள்ள வேண்டியதுதான்.