உறைக்குள் ஒரு மஞ்சள் முடிச்சு

என்னிடம் மெட்டல் டிடெக்டர் இருப்பது தெரிந்தால் செஞ்சியில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "கோட்டையில எவ்ளோ எடுத்த?" என்று கண்ணடிப்பார்கள். அந்த மிஷினோடு கோட்டைப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அது குற்றம். கழனியில் தொலைந்த மூக்குத்தி, கொலுசு, வண்டிச் சாவி இவற்றைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு, மோட்டார் காயில் கட்டும் கடையை மகனிடம் விட்டேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், யாரோ பயன்படுத்திய பழைய மிஷினை வாங்கினேன். டாக்டர் நடக்கச் சொன்னார். வெறுங்கையோடு நடக்க எனக்குப் பொறுமை கிடையாது.

இந்த மிஷினின் உயிர், தரையை ஒட்டி ஆட்டுகிற வட்டத் தட்டில் இருக்கிறது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள், அதுதான் காயில். கல்லில் உரசி உரசித் தட்டு விரிசல் விட்டால், புதுத் தட்டுக்குப் பாதி மிஷின் விலை கேட்பார்கள். நானோ ஊரறிந்த கஞ்சன். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் பேசினின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டித் தட்டுக்கு அடியில் கொடுத்தேன். டிஸ்ப்ளே பெட்டிக்குக் கிழிந்த குடைத் துணி. கம்பி இணைப்புகளில் மண் புகாமல் சைக்கிள் டியூப். தட்டு முழுவதையும் மூட, பழைய பைக் சீட் ரெக்சினில் என் மனைவி ஓர் உறை தைத்தாள்.

"ஊக்கு, ஜிப்பு, பட்டன் எதுவும் கூடாது. நாடா மட்டும்தான்" என்று பத்து தடவை சொன்னேன்.

"காது நல்லாதான் கேக்குது" என்றாள்.

உறை மாட்டிய முதல் நாளே சிங்கவரத்திலிருந்து அழைப்பு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கும்போது ஓர் அம்மாவின் தாலிச்சரடு அறுந்து, தாலி எங்கோ விழுந்துவிட்டது. நான் போனபோது, கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். மேற்கே வானம் கறுத்துவந்தது. மழை இறங்கினால் தாலி சேற்றில் போய்விடும். என் மிஷினும் ஈரத்தில் வேலை செய்யாது.

மிஷினை ஆட்டினேன். கத்தியது. தோண்டினால் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆட்டினேன், அங்கேயும் கத்தியது. அசையாமல் பிடித்தால் அமைதி. வானத்தைப் பார்க்கத் தூக்கி ஆட்டினாலும் அதே கத்தல். வானத்தில் ஏது தாலி? காயில் போய்விட்டது என்றே நினைத்தேன். இத்தனை பொத்திப் பொத்திப் பாதுகாத்தும் இந்தக் கதியா!

"இன்னாண்ணா, கெடைக்காதா?" என்றார் அந்த அம்மா. குரலே எழும்பவில்லை.

விரிசலைப் பார்க்க உறையைக் கழற்றினேன். உள்ளே ஒரு மூலையில் மஞ்சள் துணி முடிச்சு, நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அமுக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம். தட்டை ஆட்டும்போதெல்லாம் அது ஆட, மிஷின் அதைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. வந்த கோபத்தில் உறையை வரப்பில் வீசினேன்.

அதன்பிறகு மிஷின் சமர்த்தாக இருந்தது. தரையில் எங்கும் சத்தம் இல்லை. பிடுங்கிப் போட்டிருந்த செடிக் குவியலின் மேல் ஆட்டியபோது காதில் கணீரென்று கேட்டது. ஒரு செடியின் வேர்மண்ணோடு தாலி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். தூறல் விழ, வீசிய உறையை எடுத்துப் பையில் திணித்து, துண்டால் மிஷினைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உறையை மனைவியின் முன் போட்டேன். "இன்னா பண்ணி வெச்சிருக்க? ஊக்கே கூடாதுன்னு சொன்னேன், காசு வெச்சுத் தெச்சிருக்க!"

"காசு கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"மிஷினுக்கெல்லாமா வேண்டுதல்?"

"மிஷினுக்கு யாரு வேண்டனா?" அவள் முடிச்சை எடுத்துத் தூசி தட்டினாள். "ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து முடிஞ்சது இது. வருஷம் திரும்பனா மலையனூர் அம்மன் கோயில் உண்டியல்ல போடணும். அதுவரிக்கும் உங்ககூட இருக்கட்டும்னு நெனச்சேன். சட்டையில வெச்சா தொவைக்கப் போட்டுடுவீங்க. போற எடமெல்லாம் நீங்க பத்திரமா எடுத்துனு போறது இந்த மிஷின் ஒண்ணைத்தானே?"

அன்று என்னை உள்ளே கொண்டுபோன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அந்த முடிச்சைப் பிளாஸ்டிக் தாளில் மடித்தேன். தட்டுக்கு எட்டாத தூரத்தில், கைப்பிடியின் மேல் முனையில் வைத்து, புது சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டினேன். பழையது வீட்டிலேயே இருந்தது. இதற்குப் புதிதாகவே வாங்கினேன்.