ஆறாவது ஜோடி முளை

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் டப்பாவில் அடைத்துக்கொண்டு, ஐந்து ஐம்பதுக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி, குவாரி ஜீப்பில் போய், ஏழு பத்துக்குக் குழியின் விளிம்பில் நின்றேன்.

பதினொரு வருஷம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில், வெட்டிய சரிவு நிற்குமா சரியுமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது மயிலம் பக்கத்தில் ஒரு கருங்கல் குவாரிக்கு அதையே செய்கிறேன். இங்கே கல் உறுதியானது. அதன் மேல் கிடக்கும் நாலு மீட்டர் செம்மண்ணைத்தான் நம்ப முடியாது. கிழக்கு விளிம்பில், அந்த மண்ணில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் இரு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சவுக்கு முளைகள் அடித்து, தினமும் இடைவெளியை டேப்பால் அளந்து வந்தேன். ஞாயிறு உட்பட ஏழு நாள் ஆறு ஜோடிகளிலும் மாற்றமே இல்லை.

அன்று ஆறாவது ஜோடியில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. மூன்று முறை அளந்தேன். கீழே எட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். விசில் ஊதி எல்லாரையும் மேலே வரவழைத்தேன்.

பொக்லைன் ஓட்டுபவர் டீ டம்ளரோடு ஏறி வந்தார். "இன்னா மேடம், மல நடக்குதா?"

"நாலு சென்டிமீட்டர்."

"அது நடையில்ல மேடம், சோம்பல் முறிக்குது."

விளிம்பை ஒட்டிய கொல்லையை ஓர் அம்மா குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் பிடுங்க வேண்டியது. வெடிப்பு நிஜமாகவே விரிகிறதென்றால் பாதிக் கொல்லையை வேலி போட்டு அடைக்க வேண்டும். அவர் உள்ளே கால் வைக்க முடியாது. அதை ஆளனுப்பிச் சொன்னதும் ஓடி வந்தார்.

"எந்தக் குச்சிம்மா நகுந்துச்சி?"

காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டார். "ஐய, அதுலதான் நேத்து ஆட்ட கட்டியிருந்தேன்."

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே?"

"பிடுங்கக் கூடாதுன்னுதான சொன்ன? நான் எங்க பிடுங்கினேன்? கட்டிக்கினுதான இருந்தேன். முளைன்னா பின்ன எதுக்காம்?"

நோட்டைப் புரட்டினேன். பத்தாம் தேதி, என் கையெழுத்திலேயே: "முளைகளைப் பிடுங்கக் கூடாது என்று சொன்னேன்."

"ஆட்டுக்கு எத்தினி மில்லிமீட்டர் மேடம்?" என்றார் பொக்லைன்காரர். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆடுதான் என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் இழுத்தது ஆடா, நகர்ந்தது மண்ணா என்று அந்த முளை சொல்லாது. வேலையை மறுநாள்வரை நிறுத்தினேன். அந்த இடத்தில் புதிதாக இரண்டு இரும்புக் கம்பிகளைச் சிமெண்டில் ஊன்றினோம். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டையும் சிமெண்ட் வைத்துப் பதித்தோம். மண் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். சிமெண்டைக் குழைத்துத் தந்தது அந்த அம்மாதான்.

"ஒடஞ்சா?"

"வேலி."

"ஒடையலன்னா?"

"தொடர்ந்து அளப்பேன். நீங்க மல்லாட்டை பிடுங்கலாம்."

"அப்ப ஆட்ட வூட்லயே கட்டிடறேன்."

மறுநாள் ஏழு ஐந்துக்கு, பையைக்கூட இறக்காமல் முதலில் கண்ணாடியிடம் போனேன். எனக்கு முன்பே அந்த அம்மா அங்கே குந்தியிருந்தார்.

"ஒடையலம்மா. தொடல. தூசிய ஊதினேன், அவ்ளோதான்."

குனிந்து பார்த்தேன். கீறல்கூட இல்லை. டேப்பின் ஒரு முனையை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, கம்பிகளின் இடைவெளியை அளந்தேன்.