உடன் வருபவர் – ஒருவர்

போன வருடம், குடியரசு தினத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளி அரங்கத்தில் நடந்தது இது. முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எழுபத்தொன்றாம் ஆண்டு பாகிஸ்தான் போரில் போர் விமானம் ஓட்டியவர்களில், நம் பகுதியில் இன்னும் உயிரோடு இருப்பவர்களை அழைத்து நன்றி சொல்வது என்று எங்கள் தமிழ் மன்றம் முடிவு செய்தது.

2. தேடியதில் மூன்று பேர் கிடைத்தார்கள்.

3. தேதி குறிக்க மன்றத்துக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

4. அந்த ஐந்து மாதத்தில் ஒருவர் காலமானார். இன்னொருவர் படுக்கையில் விழுந்தார்.

5. மிச்சமிருந்த ஒருவர் வந்தார். தன்னோடு இன்னொருவரையும் அழைத்து வந்தார்.

6. பொன்னாடை தவறான தோளில் விழுந்தது.

7. அதை நான் திருத்தினேன்.

ஏழாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் மூன்றாவதைச் சொல்லாமல் அங்கே போக என்னால் முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். வீடு செம்பூரில், வேலை விமான நிலையத்தில். ஒரு விமானம் கிளம்பலாம் என்று என்னைப் போன்ற ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். அதனால் எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்தே பழகிவிட்டது. "நீ ஏரோப்ளேன் ஆளாச்சே, நீயே பாத்துக்கோ" என்று மன்றத்தின் செயலாளர் மாமா இந்த விழாவை என் தலையில் கட்டினார். அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் இரண்டு கூட்டம் போடாமல் முடிவு செய்ய மாட்டார்.

முதலில் சுதந்திர தினம் என்றார்கள். தலைமை விருந்தினராக வர ஒப்புக்கொண்ட பில்டர் வெளிநாட்டில் இருந்தார். பிறகு நவராத்திரி, அரங்கம் கிடைக்கவில்லை. டிசம்பரில் பாதிப் பேர் கச்சேரி கேட்கச் சென்னைக்குப் போய்விடுவார்கள். நடுவில் பேனர் சண்டை. 'வீரவணக்கம்' என்று பெரிதாகப் போடலாம் என்றார் ஒருவர். அது இறந்தவர்களுக்குச் சொல்வது, இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். நல்ல வார்த்தைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். அந்த ஒரு வார்த்தையை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று.

மூவரில் ஒருவர் விக்ரோலியில் இருந்தார். நான் தொலைபேசியில் பேசியபோதெல்லாம் அவர் மனைவி தேதியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்; தேதி தெரிந்தால் அவருக்கு ஒரு பேன்ட் தைக்கக் கொடுக்கலாம், பழையது எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றார். இதோ சொல்கிறேன் அம்மா, இதோ சொல்கிறேன் என்று நான்கு முறை சொல்லியிருப்பேன். அவர் இறந்த செய்தி மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. அதற்கு மேலே, காலைச் சிற்றுண்டிக்கு இட்லியா உப்புமாவா என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே, உப்புமாவே போதும் என்று ஒரு பதில். பட்டியலில் அவர் பெயர் மேல் கோடு போட்டேன். இந்த மூன்று பேரிடமும் அதிகம் மிச்சமில்லாதது நேரம்தான் என்று இவர்களுக்கு யார் சொல்வது என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் இரண்டாமவர் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது.

மூன்றாமவர் செம்பூரிலேயே இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எண்பதை நெருங்கியவர், கையில் ஒரு தடி, அதிகம் பேசாதவர். இனியும் ஏதாவது தவறக் கூடாது என்று நான் ஒரு படிவம் தயாரித்து எடுத்துப் போனேன். உணவு, மருந்து வேளை, சக்கர நாற்காலி வேண்டுமா, மேடைப் படி ஏற முடியுமா, உடன் வருபவர் யார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் தனக்கு ஒரு நிபந்தனை உண்டு என்றார்.

"என்னோட ஒருத்தர் வருவார். மேடையில என் பக்கத்துல அவர் உட்காரணும். முடியாதுன்னா என்னை விட்டுடுங்கோ."

யார் என்று கேட்டேன். தன் ஏர்மேன் என்றார். ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்வோம் என்றார். விமானப் படையில் ஏர்மேன் என்றால் தரையில் நின்று விமானத்தைத் தயார் செய்பவர். அதாவது என் வேலை. அவர் மேலும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்கு மாலை ஷிஃப்ட். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். 'உடன் வருபவர் – ஒருவர்' என்று எழுதி டிக் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாற்காலிக்காகச் செயலாளர் மாமாவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். தலைமை விருந்தினர், தலைவர், செயலாளர், பொருளாளர், விமானி என மேடையில் ஐந்து நாற்காலிதான் எப்போதும். "துணைக்கு வர்றவாளை எல்லாம் எப்படிம்மா மேடையில ஏத்தறது? அப்புறம் டிரைவரும் வருவார்" என்றார். கடைசியில் ஆறாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சம்மதித்தார். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

விழா பத்து மணிக்கு. இருவரும் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். விமானி சார் வெள்ளை அரைக்கைச் சட்டையில் சாதாரணமாக வந்திருந்தார். ஏர்மேன் ஐயா கருநீலக் கோட்டு, மார்பில் பதக்கங்கள், பளபளக்கும் ஷூ. முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது. அவர் மகள், மருமகன், பேரப் பிள்ளைகள் என்று எட்டுப் பேர் பஸ் பிடித்து வந்து இரண்டாவது வரிசையை நிரப்பியிருந்தார்கள். மகள் பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

தலைமை விருந்தினர் வந்தது பதினொன்று நாற்பதுக்கு. அதுவரை குழந்தைகளின் நடனம் மூன்று, உரை இரண்டு, மைக் கோளாறு ஒன்று. விமானி சார் மூன்று முறை கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அது அரங்கத்துக்குப் பின்னால், ஒரு முற்றத்தைத் தாண்டி. மூன்று முறையும் ஏர்மேன் ஐயாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். எண்பதை நெருங்கும் இரண்டு பேர் அந்த வெயிலில் முற்றத்தைக் கடப்பதை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு, வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த பில்டருக்கு அடுத்து சயானில் இன்னொரு விழா இருந்ததாம். உட்காரவே இல்லை. "நம் போர் விமானிக்குப் பொன்னாடை அணிவிப்பார்" என்று செயலாளர் மாமா அறிவித்ததும், மேடையை ஒரு பார்வை பார்த்தார். யார் மார்பில் பதக்கம் இருக்கிறதோ, யார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரோ, அவர்தானே விமானியாக இருக்க முடியும்? நேராகப் போய் ஏர்மேன் ஐயாவுக்குப் போர்த்திவிட்டார்.

அரங்கம் கைதட்டியது. ஏர்மேன் ஐயா திடுக்கிட்டு விமானி சாரைப் பார்த்தார். விமானி சார் சிரித்துக்கொண்டே தடியைத் தரையில் தட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக. மகள் எழுந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் மாமா என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். தொகுப்பாளர் மைக் என்னிடம் இருந்தது. கையில் நிகழ்ச்சி நிரல். ஆறு மாதமாகச் சேர்ந்திருந்த எரிச்சல் அத்தனையும் அந்த ஒரு பிழையின் மேல் போய் நின்றது. இதையாவது சரியாகச் செய்ய மாட்டார்களா என்று தோன்றியது. விமானங்களைப் பழுது பார்க்கும் ஹாங்கரில், இரைச்சலுக்கு மேல் பேசுகிற குரலில் சொன்னேன்: "ஒரு சிறிய திருத்தம். விமானி அவர்கள் இடது பக்கம் அமர்ந்திருக்கிறார். பொன்னாடை அணிந்திருப்பவர் அவருடன் வந்தவர்."

சொன்னதோடு நிற்கவில்லை. மேடை ஏறிப் போய், ஏர்மேன் ஐயாவின் தோளிலிருந்து பொன்னாடையை என் கையாலேயே எடுத்தேன். எனக்கு எட்ட வேண்டும் என்று அவர் கொஞ்சம் குனிந்துகொடுத்தார். அதை பில்டரிடம் கொடுத்தேன், அவர் விமானி சாருக்குப் போர்த்தினார், போட்டோக்காரர் மறுபடி எடுத்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மகள் போனைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அடுத்து, நிரலில் இருந்தபடி, ஏற்புரை மூன்று நிமிடம். விமானி சார் தடியை ஊன்றி மைக்குக்கு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. போரில் ஒரு சாயங்காலம், மேற்கு எல்லையில் ஒரு விமானத் தளம். இவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்து வாரைக் கட்டியாயிற்று. ஏணியில் நின்ற இளைஞன், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளைக் கழற்றிக் காட்ட வேண்டும். அதைக் காட்டினால்தான் கிளம்ப முடியும். அவன் கழற்றவில்லை. வலது சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் சொட்டுகிறது, இந்த விமானம் போகக் கூடாது என்றான். மற்ற விமானங்கள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. இவர் அதிகாரி. கத்தியிருக்கிறார், உத்தரவு போட்டிருக்கிறார், தண்டனை வாங்கித் தருவேன் என்றிருக்கிறார். அவன் விமானத்தின் பதிவேட்டில் 'பறக்கத் தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை இவர் கையில் கொடுத்துவிட்டு, ஏணியிலேயே நின்றானாம். அரை மணி கழித்து இவர் வேறு விமானத்தில் போய்த் திரும்பினார். மறுநாள் பிரித்துப் பார்த்தால், சக்கரத்தை இயக்கும் எண்ணெய் ஓடுகிற ஹைட்ராலிக் குழாய் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. மேலே போய்ச் சக்கரத்தை மடக்கும்போது தெறித்திருக்கும், உயிரோடு இறங்கியிருக்க முடியாது.

"போர் விமானிக்கு நன்றின்னு பேனர் போட்டிருக்கேள். நான் மிச்சம் இருக்கறதே அன்னிக்கு இவர் முடியாதுன்னு சொன்னதாலதான். அம்பது வருஷமா இதை ஒரு மேடையில சொல்லணும்னு இருந்தேன். முதல்ல விழுந்ததுதான் சரியான தோள்."

சொல்லிவிட்டுத் தன் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து நீட்டினார். ஏர்மேன் ஐயா எழுந்து நின்றார். ஆனால் வாங்கவில்லை.

"வேண்டாம் சார், நீங்களே போட்டுக்கிடுங்க. ஒருக்கா கழத்துனது போதும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் அருகில் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. செயலாளர் மாமா என் பக்கம் சாய்ந்து, மூன்று நிமிடம் தாண்டிவிட்டது என்றார்.

எனக்கு அந்தப் பதிவேடு தெரியும். அதே மாதிரி ஒன்றில்தான் தினம் கையெழுத்துப் போடுகிறேன். ஒருமுறை சின்ன எண்ணெய்க் கசிவுக்காக ஒரு விமானத்தை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு எத்தனை பேர் போன் செய்து என்னென்ன கேட்டார்கள் என்பது இன்னும் நினைவிருக்கிறது. இத்தனைக்கும் அங்கே போர் இல்லை, குண்டு இல்லை. 'என் ஏர்மேன்' என்று ஒருவர் சொன்னபோது, அந்தச் செம்பூர் வீட்டில், மற்றவர்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.

விழா முடிந்து வாசலுக்கு ஓடினேன். ஏர்மேன் ஐயா குடும்பத்தோடு சாப்பிடாமலே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஆண்டாப் ஹில்லுக்குப் போனேன். போகும்போது இன்னொரு தவறு செய்தேன். கடையில் புதிதாக ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு போனேன். மகள்தான் கதவைத் திறந்தார். பையில் இருப்பதைப் பார்த்ததும், "அதை உள்ள கொண்டாராதீங்க" என்றார். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டார்.

"விடு தாயி. நீ தாள்ல என்ன இருக்கோ அதத்தான பாத்து செஞ்ச. நானும் அப்படி வேல பாத்தவந்தான்" என்றார்.

மகள் சமையல் மேடையிலிருந்து திரும்பாமலே பேசினார். "அவரு அப்படித்தான் சொல்லுவாரு. எங்க வீட்டு ஆளுக எட்டுப் பேரு முன்னால அவரு தோள்லேர்ந்து உருவுனீங்க. தெரியாதவங்க செஞ்சா பரவால்ல. நீங்க ஏரோப்ளேன் இஞ்சினியராம்லா? எங்க அப்பா வேல என்னன்னு உங்களுக்குமா தெரியாது?"

ஐயா பேச்சை மாற்றி டீ போடச் சொன்னார். மகள் போட்டார், ஆனால் டம்ளரை என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று ஐயாவிடம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய் சொட்டியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். குனிந்து பார்க்கும்போது வாசனை மாறியிருந்தது என்றார். சார் கத்தியபோது பயமாக இருந்ததா என்றேன். இருந்தது, அதனால்தான் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது பொன்னாடைப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மன்றத்தின் ஆண்டு மலர் வந்தது. அட்டையில் விமானி சார் மட்டும். பக்கத்து நாற்காலி வெட்டப்பட்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை அடுத்த மலரில் திருத்தமாகச் சேர்க்க, செயற்குழு கூட வேண்டும் என்றார் செயலாளர் மாமா. கூட்டம் மூன்று முறை தள்ளிப்போயிற்று. ஒருமுறை பருவமழை, ஒருமுறை போதுமான உறுப்பினர்கள் வரவில்லை, ஒருமுறை காரணமே சொல்லவில்லை.

இடுப்பு முறிந்து படுத்திருக்கும் இன்னொரு விமானியை, பேனரும் பில்டரும் இல்லாமல், நான் மட்டும் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நன்றி சொன்னேன். உங்கள் விமானத்தைத் தயார் செய்தவர் யார் சார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. இரண்டு பெயர்கள் சொன்னார், எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் சேர்த்து.

இன்றைய நிலவரம் இதுதான். விமானி சாரும் ஏர்மேன் ஐயாவும் இருக்கிறார்கள், வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். மலரில் திருத்தம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவருக்கு நன்றி சொல்லப் போனால், அவர் யாருக்கு நன்றி சொல்ல நினைக்கிறார் என்று கேட்க ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் தெரிந்தது. ஐயா என்னை மன்னித்துவிட்டார். மகள் மன்னிக்கவில்லை.