அடுத்த ஆள்

பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டை ஒரு டிரஸ்டாக எழுதி, என்னை டிரஸ்டியாகப் போடப் போவதாகச் சொன்னபோது, ஏதோ ஊறுகாய் வாங்கி வரச் சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டேன். அவருடைய மகனுக்கு நாற்பது வயது ஆகிறது. மனது மட்டும் சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது. தனக்குப் பிறகு அவன் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை.

எங்கள் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வக்கீல் விளக்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

"வீடு உங்க பேர்ல இருக்கும், ஆனா உங்களுது கிடையாது. இவங்க மகனுக்கு எது நல்லதோ அதைத்தான் செய்யணும். விட்டுட்டு நினைச்சப்ப போயிட முடியாதுங்க" என்றார். அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டார். நான் பயந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான் வேலை. கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலேறி பெங்களூர் போகிறவள் நான். பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள், அவன் கேஸ் அடுப்பை மூடினானா என்று அங்கே சமையலுக்கு வைத்திருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவேன். என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் காலண்டரை மாட்டி மறைத்துவிடுகிற ஆள்தான். அவன் வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்த்தபோது அப்படி விட முடியவில்லை. மறுநாளே லீவு போட்டுக் கொத்தனாரைக் கூட்டி வந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எனக்குப் பிறகு யார் என்று வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தார். என் மகனிடம் கேட்டேன். என்னை இதில் இழுக்காதீர்கள் என்று போனை வைத்துவிட்டான். கோபம் வந்தது. ஆனால் என்னைப் போலத் தலையாட்டிவிட்டு நடுங்காமல், முதலிலேயே சொன்னானே.

கொத்தனார் பூசிக்கொண்டிருந்தபோது அக்காவின் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டியவர். ரிலீவர் என்கிற மாற்று ஆள் கீழே இறங்கி வராமல் அவர் பம்பை விட்டு மேலே வரவே மாட்டார், வந்தால் தண்ணீர் ஏறிவிடும். அந்தக் கதையை அவன் சொல்லாத நாளில்லை. அன்றும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சித்தி, அம்மாவுக்கு நீங்க ரிலீவர். உங்களுக்கு யாரு?"

"வருவாங்க" என்றேன்.

அவன் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தான்.